பல்லாங்குழிக்கு எதுக்குடா முப்பரிமாண எஞ்ஜின்?

போன வாரம் ஆபீஸ் பக்கத்து டீக்கடையில ஒரு பஞ்சாயத்து. எங்க டீமுக்குப் புதுசா வந்திருக்கிற தம்பி ஒருத்தன், வேலைக்குச் சேர்ந்து ஒண்ணரை வருஷம்தான் ஆகுது. "அண்ணே, பிரௌசர்ல ஓடுற கேம் பண்ணப் போறேன். யூனிட்டியா, கோடாட்டா, பேசரா? ஒண்ணைச் சொல்லுங்க, அதையே புடிச்சுக்கறேன்"னான். சும்மா பொழுதுபோகாம கேக்கறான்னுதான் நினைச்சேன். அப்புறம்தான் விஷயம் வெளிய வந்துச்சு. ஆறு மாசத்துக்குத் தேவையான காசைச் சேத்து வச்சிருக்கானாம். வேலையை விட்டுட்டு முழுநேரமா உக்காரப் போறானாம். வீட்ல இன்னும் சொல்லலையாம். எனக்கு டீ புரை ஏறிடுச்சு.

"ரெண்டு நாள் டைம் குடு, சொல்றேன்"னு தப்பிச்சு வந்துட்டேன். அவனுக்குச் சொல்ல நினைச்சதைத்தான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி கீபி எடுத்துட்டு வந்து உக்காந்துக்கோங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் கேம் கம்பெனி ஆள் கிடையாது. பகல் முழுக்க ஆணி புடுங்கிட்டு, ராத்திரி பத்து மணிக்கு மேல சொந்த ஆசைக்கு கேம் எழுதற ஆசாமி. ஆனா இந்த "எந்தக் கருவி" கேள்வியில எட்டு மாசத்தைத் தொலைச்ச அனுபவம் இருக்கு. அந்தத் தகுதி போதும்னு நினைக்கிறேன் :-)

எட்டு மாசம் எப்படிப் போச்சுன்னா, எங்க ஆச்சிக்கு பல்லாங்குழின்னா உசுரு. சின்ன வயசுல லீவுக்குத் திருநெல்வேலி போனா, மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் பலகையை எடுத்து வச்சுருவாங்க. அப்புறம் நாங்க எல்லாம் ஆளுக்கொரு ஊருக்குப் போயிட்டோம். கூட ஆட ஆள் இல்லாம பலகை பரணுக்குப் போயிடுச்சு. 2022-ல ஒரு நாள் போன்ல பேசும்போது வாயைக் குடுத்துட்டேன். "ஆச்சி, உங்க போன்லயே பல்லாங்குழி ஆடற மாதிரி பண்ணித் தாரேன். நான் சென்னையில இருந்து ஆடுவேன், நீங்க அங்க இருந்து ஆடுங்க." ஆச்சிக்கு ஒரே சந்தோஷம்.

நம்ம என்ஜினியர் புத்தி என்ன பண்ணும்? முதல் ரெண்டு மாசம் எந்த எஞ்ஜின்னு ஆராய்ச்சி. ஒப்பீட்டு வீடியோவா பாத்துத் தள்ளினேன். கடைசியில ரொம்பப் பிரபலமான ஒரு எஞ்ஜினைப் புடிச்சேன் (பேர் வேண்டாம், தப்பு அதும்மேல இல்ல). தேக்குப் பலகை மாதிரி முப்பரிமாணத்துல பலகை. ஜன்னல் வழியா வெயில் விழற மாதிரி நிழல். குழிக்கு அஞ்சு வீதம் 70 புளியங்கொட்டை, ஒவ்வொண்ணும் விழுந்து உருளும். ராத்திரி ரெண்டு மணிக்கு அது உருள்றதைப் பாத்துட்டு எனக்கு நானே கைதட்டிக்கிட்டது எல்லாம் உண்டு.

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். ஆச்சி போன்ல திறந்தேன். 38 எம்.பி. சிக்னல் ரெண்டு கோடு. கோடு மெதுவா நகர்ந்து, கடைசி வரைக்கும் வந்து, திரை வெள்ளையாச்சு. பக்கம் தானாவே மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சுது. மூணு தடவை. அது 2 ஜி.பி. ரேம் போன். என்னோட லேப்டாப்பும் என்னோட போனும் தவிர வேற எதுலயும் ஒரு தடவைகூட ஓட்டிப் பாக்காம எட்டு மாசம் ஓட்டியிருக்கேன்னு அப்பத்தான் உறைச்சுது. "ஏல, சுத்திக்கிட்டே இருக்குல்லா, குழி ஒண்ணும் வரலியே"ன்னாங்க. அப்புறம் "பரவால்லய்யா, வந்து சாப்புடு"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அப்ப ஆச்சிக்கு 79 வயசு. அந்த வயசுல எட்டு மாசம்ங்கறது சின்ன விஷயம் இல்ல.

நிற்க. மேட்டருக்கு வருவோம்.

"எது நல்ல எஞ்ஜின்?"ங்கற கேள்வியே தப்புங்கறதுதான் என் கருத்து. "ஆடப் போறவங்க கையில என்ன இருக்கு?"ங்கறதுதான் முதல் கேள்வி. பிரௌசர் கேமோட பெரிய பலமே, சுட்டியைத் தட்டினா அடுத்த நொடி ஆட ஆரம்பிக்கலாம்ங்கறதுதான். அதை இழந்துட்டா, பேசாம ப்ளே ஸ்டோர்ல போட்டுடலாமே.

கணக்குப் போட்டுப் பாருங்க. நொடிக்கு 4 மெகாபிட் வேகம் கிடைக்குதுன்னு வச்சுப்போம். 38 எம்.பி. இறங்க 76 நொடி ஆகும். 76 நொடி வெள்ளைத் திரையைப் பாத்துட்டு யாரு உக்காந்திருப்பா? நானே இருக்க மாட்டேன். அதே வேகத்துல 180 கிலோபைட் இறங்க அரை நொடிகூட ஆகாது.

பெருசா ஜெயிச்ச பிரௌசர் கேம்களைப் பாத்தாலும் இதே கதைதான். 2014 மார்ச்ல கேப்ரியேலே சிருல்லின்னு ஒரு 19 வயசு இத்தாலிப் பையன் ஒரு வார இறுதியில எழுதினதுதான் 2048. எஞ்ஜின் கிடையாது, கேன்வாஸ்கூடக் கிடையாது. சாதாரண வலைப்பக்கம் எழுதற ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட், அவ்வளவுதான். ஜோஷ் வார்டில் தன்னோட துணைவிக்காகப் பண்ணின வேர்டில், 2021 அக்டோபர்ல ஊருக்கே திறந்து விடப்பட்டு, 2022 ஜனவரியில நியூயார்க் டைம்ஸ் பத்து லட்சம் டாலருக்கும் மேல குடுத்து வாங்குற அளவுக்குப் போச்சு. அதுவும் சாதா வலைப்பக்கம்தான். ஒரே ஒரு ஆளுக்காகப் பண்ணின கேம்ங்கறதுதான் எனக்கு அதுல புடிச்ச விஷயம். யாருக்காகன்னு தெளிவா இருந்தா, கருவி தானா சின்னதாயிடும்.

ரெண்டாவது கேள்வி: இந்தக் கருவியோட சாவி யார் கையில இருக்கு?

நான் ஸ்கூல் படிக்கும்போது பிரௌசிங் சென்டர்ல ஆடினது முழுக்க ஃப்ளாஷ் கேம்தான். அந்தத் தலைமுறைக்கு ஃப்ளாஷ்தான் கேம், கேம்தான் ஃப்ளாஷ். இப்ப அதைக் கிண்டல் பண்றவங்களைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வரும். வரையறது, அசைக்கறது, கோடு எழுதறது மூணையும் ஒரே இடத்துல, ஓவியம் படிச்ச ஆளுக்கும் புரியற மாதிரி குடுத்த கருவி அது. அந்த சௌகரியம் இன்னிக்கும் முழுசா திரும்பக் கிடைக்கலங்கறது என் அபிப்பிராயம்.

ஆனா சாவி ஒரே கம்பெனி கையில இருந்துச்சு. 2005-ல மேக்ரோமீடியாவை அடோபி வாங்கினாங்க. 2010 ஏப்ரல்ல ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன்ல ஃப்ளாஷ் ஏன் கிடையாதுன்னு பகிரங்கமா எழுதினார். 2011 நவம்பர்ல மொபைல் ஃப்ளாஷை அடோபியே கைவிட்டாங்க. 2017 ஜூலையில முடிவு தேதி அறிவிச்சு, 2020 டிசம்பர் 31-ஓட கதை முடிஞ்சுது. 2021 ஜனவரி 12-ல இருந்து ப்ளேயரே ஃப்ளாஷ் கோப்பைத் திறக்க மறுத்துச்சு. 2009-ல ஆரம்பிச்சு ஃபேஸ்புக்கையே ஆட்டி வச்ச ஃபார்ம்வில், அதே 2020 டிசம்பர் 31 அன்னிக்குத்தான் மூடப்பட்டுச்சு. ஜிங்கா மாதிரி பெரிய கம்பெனிக்கே இந்தக் கதின்னா, தனி ஆளுங்க எழுதின ஆயிரக்கணக்கான சின்ன கேமுங்க கதி? ரஸ்ட் மொழியில எழுதின ரஃபிள்னு ஒரு எமுலேட்டர் வந்து நிறைய கேம்களுக்கு மறுபடி உசிரு குடுத்துச்சு. ஃப்ளாஷ்பாயின்ட்னு ஆர்வலர்கள் சேந்து ஒரு பெரிய காப்பகமே கட்டினாங்க. அதெல்லாம் அடுத்தவங்க புண்ணியம். நம்பி இறங்க முடியாது.

ஃப்ளாஷ் மட்டும்னு நினைக்காதீங்க. ஜாவா ஆப்லெட், சில்வர்லைட், யூனிட்டியோட பழைய வெப் ப்ளேயர், கூகுளோட நேட்டிவ் கிளையன்ட். எல்லாம் ஒரு காலத்துல "இதுதான் எதிர்காலம்"னு சொல்லப்பட்டதுதான். எல்லாமே கல்லறையில வரிசையா படுத்திருக்கு. ஒரே கம்பெனியை மட்டும் நம்பி நின்னதுதான் இதுங்களுக்குள்ள இருக்குற ஒத்துமை. மாறா, பல பிரௌசர்காரங்க சேந்து ஒத்துக்கிட்ட பொதுத்தரத்து மேல நின்னது எல்லாம் பிழைச்சுக் கிடக்கு. ஜாவாஸ்கிரிப்ட், கேன்வாஸ், 2011-ல வந்த வெப்ஜிஎல், 2017-ல நாலு முக்கிய பிரௌசர்லயும் வந்து சேந்த வெப்அசெம்பிளி. 2013-ல வந்த குக்கி கிளிக்கர் வெறும் ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதினது. இன்னிக்கும் பிரௌசர்ல அப்படியே ஓடுது.

இன்னைக்கு உள்ள எஞ்ஜின்கள் வெளியேத்துற கோடு பொதுத்தரத்துலதான் ஓடுது, உண்மை. ஆனா எஞ்ஜினோட ஒப்பந்தம் இன்னும் கம்பெனி கையிலதான். 2023 செப்டம்பர் 12 அன்னிக்கு யூனிட்டி, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினா கேம் நிறுவப்படற எண்ணிக்கைக்கு ஏத்த மாதிரி கட்டணம்னு அறிவிச்சாங்க. ஊரே கொந்தளிச்சுது. அடுத்த மாசமே தலைமை நிர்வாகி வெளியேறினார். சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2024 செப்டம்பர் 12 அன்னிக்கு அந்தக் கட்டணத்தையே ரத்து பண்ணினாங்க. நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லலாம். ஆனா அந்த ஒரு வருஷம், பாதி முடிஞ்ச கேமோட உக்காந்திருந்தவன் எப்படித் தூங்கியிருப்பான்?

"அப்ப ஓப்பன் சோர்ஸ் எடுத்தா பிரச்சினை தீந்துச்சுல்ல?"ன்னு கேப்பீங்க. பாதி தீரும். கோடாட் எம்ஐடி உரிமத்துல வருது, யாரும் நாளைக்குப் பில் நீட்ட முடியாது. ஆனா 2023 மார்ச்ல வந்த கோடாட் 4.0-ல, பிரௌசருக்கு ஏத்துமதி பண்ணின கேம் ஓடணும்னா சர்வர்ல ரெண்டு விசேஷ ஹெட்டர் வைக்கணும். பல இலவச ஹோஸ்டிங்ல அதை வைக்க வழியே கிடையாது. 2024 ஆகஸ்ட்ல வந்த 4.3-லதான் அது இல்லாமலும் ஓடற வழியைக் குடுத்தாங்க. சி ஷார்ப்ல எழுதின கேமை பிரௌசருக்கு ஏத்துமதி பண்ற வசதி இல்லாமலேதான் 4.0 வந்துச்சு. உரிமம் சுத்தமா இருந்தாலும், "வெப் ஏத்துமதி"ங்கற ஒரு வரிக்கு அடியில என்னென்ன நிபந்தனை இருக்குன்னு படிச்சே ஆகணும்.

மூணாவது கேள்வி: பிரௌசரே விதியை மாத்தினா, உன்னால கோட்டைத் திறந்து சரி பண்ண முடியுமா?

2018 ஏப்ரல்ல குரோம் 66 வந்தப்ப, பயனர் எதையாவது தட்டினாத்தான் சத்தம் வரும்னு ஒரு விதி கொண்டு வந்தாங்க. கத்துற விளம்பரத்தை அடக்கறதுக்காக வந்த நல்ல விதிதான். ஆனா ஆயிரக்கணக்கான பழைய கேம் ஒரே ராத்திரியில ஊமையாச்சு. எதிர்ப்பு வந்ததும் கேம் பக்கத்து விதியை மட்டும் மே மாசம் தற்காலிகமா எடுத்தாங்க, டிசம்பர்ல திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. 2020 மார்ச்ல சஃபாரி இன்னொண்ணு பண்ணுச்சு. பிரௌசரைப் பயன்படுத்தின ஏழு நாளுக்குள்ள உங்க தளத்துப் பக்கம் வரலன்னா, அங்க சேமிச்சு வச்ச தகவலை அழிச்சிடும். முப்பதாவது லெவல்ல இருந்தவன் லீவு முடிஞ்சு வந்து பாத்தா முதல் லெவல். இதுக்கெல்லாம் மருந்து உண்டு. ஆனா உங்க கேமோட அடி வரைக்கும் உங்களுக்குப் புரிஞ்சிருக்கணும். எஞ்ஜின்காரங்க அடுத்த பதிப்பு விடுவாங்கன்னு வாசல்ல காத்துக்கிட்டு நிக்கறதா இருந்தா கஷ்டம்.

சரி, தத்துவம் போதும், எதை எடுக்கறது? என் சொந்தக் கணக்கு இதுதான்.

வார்த்தை, சீட்டு, பலகை, புதிர் மாதிரி ஆட்டமா? எஞ்ஜினே வேண்டாம். வெறும் ஜாவாஸ்கிரிப்ட் போதும். ஓடற, குதிக்கற, சுடற இருபரிமாண ஆட்டமா? ரிச்சர்ட் டேவி 2013-ல ஆரம்பிச்ச பேசர் நல்ல தேர்வு. படம் காட்ட மட்டும் வேணும்னா பிக்சி. பிரௌசர்லயே முப்பரிமாணம் வேணுமா? த்ரீ, பேபிலான், ப்ளேகேன்வாஸ் மூணும் வலைக்குன்னே பொறந்தது. கோடே எழுத வராதா? கன்ஸ்ட்ரக்ட் 3 பிரௌசருக்குள்ளயே ஓடும், ஆனா சந்தா கட்டணும். அதே கேமை ஸ்டீம்லயும் மொபைல்லயும் விக்கணும், பிரௌசர் பதிப்பு சும்மா மாதிரிக்குத்தானா? அப்ப யூனிட்டி, கோடாட் எடுங்க, தப்பே இல்ல. கேம் கம்பெனியில வேலை வாங்கணும்னாலும் யூனிட்டி கத்துக்கறது புத்திசாலித்தனம். நான் எஞ்ஜினுக்கு எதிரி இல்லப்பா.

முதல் தடவையே சரியான கருவியை எடுத்தாகணும்ங்கற பயமும் வேண்டாம். வேம்பயர் சர்வைவர்ஸ் கதையைப் பாருங்க. லூகா கலன்டே அதை பேசர்ல எழுதி 2021-ல இட்ச்.ஐஓ தளத்துல பிரௌசர் கேமாத்தான் விட்டார். 2023-ல பாஃப்டாவோட சிறந்த கேம் விருது வாங்குச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்லதான் யூனிட்டிக்கு மாத்தினாங்க. முதல்ல ஜனங்க ஆடுறாங்களான்னு பாத்துட்டு, அப்புறம் வண்டி மாறினாங்க. நாம வண்டி வாங்கறதுக்கே ஆறு மாசம் ஷோரூம்ல நிக்கறோம்.

எங்க போடறதுங்கறதுலயும் இதே புத்திதான். இட்ச்.ஐஓ ஆரம்பிக்க நல்ல இடம். போக்கி, கிரேசிகேம்ஸ் மாதிரி விளம்பர வருமானத் தளங்கள்ல கூட்டம் உண்டு, அவங்க எஸ்டிகேயை உள்ள சேக்கணும். ஆனா எந்தத் தளமும் சொந்த வீடு கிடையாது. 2006-ல இருந்து கொடி கட்டின காங்கிரிகேட், 2020-ல புது கேம் வாங்கறதை நிறுத்தினாங்க. அதனால ஒரு பிரதி எப்பவும் உங்க சொந்தத் தளத்துல இருக்கட்டும். தளத்தோட எஸ்டிகே தொடர்பான கோடு எல்லாத்தையும் ஒரே கோப்புல அடைச்சு வைங்க. கழட்டி மாட்டறப்ப அருமை தெரியும்.

தம்பிக்கு நான் சொன்ன ஒரே உருப்படியான யோசனைக்கு "காலி டப்பா டெஸ்ட்"னு பேர் வச்சிருக்கேன். ஒரு கருவியை எடு. ஒண்ணுமே இல்லாத காலிக் காட்சி, நடுவுல ஒரு பட்டன், தட்டினா ஒரு சத்தம். இதை மட்டும் பண்ணி வலையில ஏத்து. உன் வீட்லயே பழைய போன் யார்கிட்ட இருக்கோ அவங்க போன்ல, வைஃபை அணைச்சுட்டுத் திற. எத்தனை நொடி ஆச்சு, சத்தம் வந்துச்சா, போனைத் திருப்பினா என்னாகுது, பூட்டித் திறந்தா உசிரோட இருக்கான்னு எழுதி வை. காலி டப்பாவே கனக்குதுன்னா, உள்ள சாமான் வச்சா என்னாகும்? ஒரு கருவிக்கு ஒரு சாயங்காலம் போதும். எட்டு மாசம் மிச்சம்.

வேலையை விடறதைப் பத்தி? "விடாத"ன்னு சொல்ல நான் யாரு? ஆனா ஆகஸ்ட் 13-ல இருந்து செப்டம்பர் 13 வரைக்கும் 13 கிலோபைட்டுக்குள்ள கேம் எழுதற ஜேஎஸ்13கே போட்டி 2012-ல இருந்து வருஷா வருஷம் நடக்குது. வேலையில இருந்துக்கிட்டே அந்த ஒரு மாசத்துல ஒரு கேமை முடிச்சுக் காட்டு. முடிக்க முடிஞ்சா அப்புறம் ராஜினாமா பத்திப் பேசலாம்னேன். முறைச்சான். ஆனா அன்னிக்குச் சாயங்காலமே அவங்க அப்பா போன்ல காலி டப்பா ஓட்டிப் பாத்திருக்கான். மூணு கருவியில ஒண்ணுதான் அஞ்சு நொடிக்குள்ள திறந்துச்சாம். எதுன்னு சொல்ல மாட்டேன், உங்க வீட்டுப் போன்ல நீங்களே பாருங்க.

ஆச்சி கதைக்கு வரேன். பொங்கல் முடிஞ்சு சென்னைக்குத் திரும்பற பஸ்ல உக்காந்து கணக்குப் போட்டேன். பல்லாங்குழின்னா என்ன? 14 குழி, ரெண்டு பேர் ஜெயிச்ச கொட்டை, யார் முறைங்கறது. மொத்தம் 17 எண். இதுக்கா நிழலும் வெயிலும்? வெறும் ஜாவாஸ்கிரிப்ட்ல மூணு வார இறுதியில முடிஞ்சுது. 180 கிலோபைட். ஆச்சி போன்ல தட்டின உடனே குழி வந்துருச்சு.

முதல் ஆட்டத்துலயே என்னைத் தோக்கடிச்சாங்க. உடனே ரெண்டு புகார். ஒண்ணு, "கொட்டை விழுந்த சத்தமே வரலியே." அந்தச் சத்த விதியை நான்தான் மறந்திருக்கேன். "ஆடலாமா?"ன்னு ஒரு பட்டனை முன்னாடி வச்சு, அதைத் தட்டினதும் சத்தம் வர்ற மாதிரி பண்ணிட்டேன். ரெண்டாவது புகார்தான் முக்கியம். குழியில நாலு சேந்தா பசு, இல்லையா? என் கோடு அதைத் தானாவே எடுத்து ஆச்சி கணக்குல சேத்துச்சு. "ஏல, பசு விழுந்ததை நாமதான பாத்து எடுக்கணும்? விட்டா விட்டதுதான். அதுவா எடுத்துக் குடுத்தா அதுல என்ன ஆட்டம் இருக்கு?"

மாத்தினேன், நாலே வரி. ஆட்டமே வேற ஆட்டமாச்சு. 70 கொட்டை உருள்றதை அழகு பாத்த எட்டு மாசத்துல எனக்கு இது தோணவே இல்ல. ஆச்சி கையில போனைக் குடுத்த பத்தாவது நிமிஷத்துல வந்துச்சு.

இப்பவும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் போன் வரும். "ஏல, பலகையைப் போடு."

டிஸ்கி: மேல சொன்ன கருவிக்காரங்க யாரும் எனக்கு ஒரு டீகூட வாங்கித் தரல. பசுவை நான் பாக்காம விட்ட கணக்கை ஆச்சி தனியா நோட்டுல எழுதி வச்சிருக்காங்களாம் :-(